எடுத்தாச்சு, வெச்சாச்சு

கம்பெனி கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அடுத்து 'தொம்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். டிரைவர் டிக்கியிலிருந்து என் வீட்டுக்காரரின் கறுப்புப் பையை இறக்கித் தரையில் வைக்கிற சத்தம். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பழகியது. அன்று அது வரவில்லை.

கதவைத் திறந்தேன். மத்தியான வெயிலில், வெள்ளைச் சட்டையோடு, கையை வீசிக்கொண்டு நின்றார். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் அட்டையை இடுக்கிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி கக்கத்தில் ஒரு டேப்லெட் மட்டும் இருந்தது.

"பை எங்கங்க?"

"ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. இனிமே பேப்பர் கெடையாது."

உள்ளே வந்து ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். ஷூவோடு ஹாலுக்குள் கால் வைக்கிற மனிதரே இல்லை அவர். என்ன இது என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"கல்யாணி, நான் ஃபெயில் ஆயிட்டேன்."

அரசாங்கப் பரீட்சை, கம்பெனிப் பரீட்சை, கண் பரீட்சை, காது பரீட்சை என்று பைலட் வேலையில் ஆயுசு முழுக்கப் பரீட்சைதான். அத்தனையிலும் இந்த மனிதர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஓய்வு பெற இன்னும் சில வருஷங்களே இருக்கும்போது சொன்னார்.

மூன்று வாரத்தில் இன்னொரு தடவை சோதிப்பார்களாம். அதிலும் தேறாவிட்டால் விமானம் ஓட்ட முடியாது. ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளியில், ஆபீஸில் மேஜை நாற்காலி போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

பை என்றால் என்ன பை

இதைப் புரிய வைக்க அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பைலட் என்றால் தோளில் தங்கப் பட்டை, நிமிர்ந்த நடை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த நிமிர்ந்த நடைக்குப் பின்னால் ஓர் அரிசி மூட்டையும் வரும் என்பது யாருக்கும் தெரியாது. மூட்டைக்குள் இருப்பதெல்லாம் தாள். அவர் இறங்கக்கூடிய ஒவ்வொரு ஊருக்கும் சார்ட்டுகள். எந்தப் பக்கமாக வந்து இறங்க வேண்டும், மலை எங்கே, கோபுரம் எங்கே, தரையைத் தொட்ட பிறகு எந்த முனையில் திரும்ப வேண்டும் என்று எல்லாம் வரைந்திருக்கும். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள்கள். வளையம் போட்ட தடித்தடி ஃபைல்களில் ஊர் வாரியாக எழுத்து வரிசையில் கோத்திருக்கும்.

ஊர்கள் சும்மா இருக்கின்றனவா? ஒரு ஊரில் புதிதாகக் கோபுரம் கட்டுவார்கள். இன்னொரு ஊரில் ஓடுபாதையைத் தோண்டிப் போடுவார்கள். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொழுத்த உறை ஒன்று வீட்டுக்கு வரும். பழைய தாள் எதை எடுக்க வேண்டும், புதியது எதை வைக்க வேண்டும் என்று மேலேயே ஒரு குறிப்பு இருக்கும். அதன்படி மாற்றி வைப்பது பைலட்டின் பொறுப்பு.

கல்யாணமான புதிதில் இதை அவர் தனியாகத்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் கோயம்புத்தூர் தாளைக் கொண்டுபோய்க் கொச்சியில் கோத்துவிட்டார். இங்கிலீஷில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்று. விமானம் கிளம்புவதற்கு முன்பே, பக்கத்தில் இருந்தவர் பார்த்துச் சொல்லிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இனிமே நீ படி. நான் மாத்தறேன். காக்பிட்ல ரெண்டு பேர் பாக்கறோமில்ல, அதே மாதிரி."

கரும்பு தின்னக் கூலியா? உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை மேஜை

அன்றிலிருந்து உறை வந்த வாரத்தில் வெள்ளிக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜை காக்பிட் ஆகிவிடும். வேலையில் இருந்தவரை நான் பாங்க்கிலிருந்து வந்து முகம் கழுவி விளக்கேற்றிவிட்டு உட்காருவேன். வெள்ளிக்கிழமை பறக்க வேண்டி வந்தால் உறையைப் பிரிக்காமல் காத்திருப்போம்.

"கோயம்புத்தூர். தாள் பத்து, மூணு. எடுங்க."

"எடுத்தாச்சு."

"புதுசு வைங்க."

"வெச்சாச்சு."

'ம்' என்று தலையாட்டினால் செல்லாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் நான் அடுத்த வரிக்குப் போவேன். எடுத்த பழைய தாளை அங்கேயே குறுக்கே கிழித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி ஒருவர் சொன்னதை ஒருவர் காதில் வாங்குவதில்லை என்றுதானே வழக்கு? எங்கள் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் அந்த வழக்கு தள்ளுபடி.

இன்னொன்றும் நடந்தது. அவர் பேசாத மனிதர். வீட்டுக்கு வந்தால் குளியல், சாப்பாடு, தூக்கம். "ஃப்ளைட் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "இருந்துச்சு" என்பார். அந்த மேஜையில் மட்டும், ஒவ்வொரு ஊரின் தாள் கைக்கு வரும்போதும் அவருக்குப் பேச்சு வந்தது.

"காத்மண்டு. மலைக்கு நடுவுல கிண்ணம் மாதிரி ஊரு. எறங்கறப்ப பாத்தா மொட்டை மாடில சேப்பு சேப்பா மொளகா காயப் போட்டிருப்பாங்க."

"நமக்கு ரன்வேயப் பாக்க வேண்டிய வேலை, மொளகாயப் பாத்தீங்களாக்கும்."

"அது தானா கண்ணுல படுதும்மா."

மஸ்கட்டின் மலைகள் தீய்ந்த ரொட்டி நிறம் என்று அப்படித்தான் எனக்குத் தெரியும். கவுஹாத்தியில் ஆறு எது மணல் எது என்று தெரியாது என்பதும் அப்படித்தான். வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பைலட் சம்சாரத்துக்கு டிக்கெட் ஓசிதானே, நீங்களே போய்ப் பார்த்திருக்கலாமே?" அம்மா, அந்த ஓசி டிக்கெட்டுக்கு ஒரு விதி உண்டு. காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு இடம் மிச்சமிருந்தால்தான் நமக்கு. ஒருமுறை அந்தமானுக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போனேன். ஏர்போர்ட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆஸ்டின் டவுன் வீட்டுக்கே திரும்பி வந்தேன்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஒரு வாரம் முழுக்க எழுதி அழுதாகிவிட்டது, திரும்ப வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமைகள்தான் எங்கள் குடும்பம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கடலை மடித்த ஜெட்டா

கிழித்த தாள்களை மாதத்துக்கு ஒரு முறை பழைய பேப்பர்காரருக்குப் போடுவேன். ஒரு சாயங்காலம் நானும் அவரும் மைதானத்துப் பக்கம் நடந்துவிட்டு, தள்ளுவண்டியில் வறுத்த கடலை வாங்கினோம். வண்டிக்காரர் பாய், பாதித் தாளில் மடித்துக் கொடுத்தார். பிரித்தால் ஜெட்டா.

"ஏய் கல்யாணி, இது நம்ம வீட்டு ஜெட்டா!"

தெரு விளக்கடியில் கடலையைக் கையில் கொட்டிக்கொண்டு அந்த அரைத் தாளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"க்யா ஹுவா, என்னாச்சு மேடம்? பேப்பரு சுத்தமாத்தான் இருக்குது."

"அவருக்கு அந்த ஊர் வேணுமாம் பாய், இன்னொரு பொட்டலம் அதுலயே மடிச்சுக் குடுங்க."

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்த நாட்களை நான் நினைவு வைத்துக்கொள்வேன். நிறைய இல்லை என்பதால் சிரமமில்லை.

அப்போதெல்லாம் பழைய ஏர்போர்ட் பக்கத்திலேயே இருந்தது. இறங்குகிற விமானம் எங்கள் தெருவுக்கு மேலேதான் போகும். அவர் வருகிற நேரத்துக்கு மாடிக்குப் போவேன். தலைக்கு மேல் சத்தம் போனதும் கீழே வந்து குக்கர் வைப்பேன், சோறு ஆறுவதற்குள் கார் வந்துவிடும். பிறகு ஏர்போர்ட் தேவனஹள்ளிக்குப் போயிற்று. பயணிகள் விமானத்தின் சத்தம் எங்கள் தெருவில் நின்றுபோயிற்று. வழியில் ஹெப்பாள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு அவர் வந்து சேரும்போது சோறு ஆறியிருக்கும். வானம் அவ்வளவு அமைதியாக இருந்தால் வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போகட்டும்.

கை போன இடம்

ஷூவோடு சோபாவில் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்புகிறேன்.

டேப்லெட் வந்து பல மாதம் ஆகியிருந்தது. தாளும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்று கம்பெனி இரண்டையும் விட்டிருந்தது. இவர் டேப்லெட்டை உறையிலிருந்து எடுக்காமல் தாளிலேயே காலம் தள்ளினார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி அத்தனை பெரிய பை இந்தப் பலகைக்குள் அடங்கியதை அவரால் நம்ப முடியவில்லை. "வெயில்ல சூடாயிடுது, பட்டுனு அணைஞ்சுடுது" என்று அதன்மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். குற்றம் உண்மைதான். ஆனால் பக்கத்தில் துணை பைலட்டாக உட்காருகிற பிள்ளைகள் அதை ஏசிக் காற்றுக்கு நேராக வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள்.

தாளை நிறுத்திப் பையை வாங்கிக்கொண்ட அன்றே சோதனை, சிமுலேட்டரில் நடந்தது. விமானம் போலவே ஆடும், குலுங்கும் அறை அது. இறங்கப் போகிற நேரத்தில் பரிசோதகர், "மழை, இங்கே இறங்க முடியாது, வேறே ஊருக்குப் போங்க" என்றாராம். அந்த ஊரின் சார்ட்டை எடுக்க வேண்டும். டேப்லெட் இடது ஜன்னலோரம் மாட்டியிருக்கிறது. இவர் கையோ அதைத் தாண்டிக் கீழே, பை இருக்கும் இடத்துக்குப் போயிற்று. அங்கே வெறும் தரை. கை தரையைத் துழாவியது. சுதாரித்துக்கொண்டு டேப்லெட்டுக்கு வந்தால் விரல் பட்டு வேறு ஊர் திறந்தது. அதை மூடினால் படம் பெரிதாகி ஓடிற்று. பக்கத்தில் இருந்த பெண், எங்களுக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயதிருக்கும், தன் டேப்லெட்டிலிருந்து படித்துச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு பாவம், மெதுவா 'சார், நான் சொல்லட்டுமா'ன்னு கேட்டுச்சு" என்றார். ஃபெயில் ஆனதைவிட அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

எனக்கு வந்த ஆசை

பக்கத்து வீட்டு ரோஸி அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல பக்கம் தெரியும்.

"நல்லதுதானேடி! ஆபீஸ்ல உக்கார வெச்சா சாயங்காலமானா ஊட்டுக்கு வந்துருவாரு. இத்தினி வருசமா நீ ஒத்தையில கெடந்தது போதாதா?"

எனக்கு அந்த யோசனை வராமலா இருந்தது? அவர் ஃபெயில் என்று சொன்ன அன்றே வந்து மனசுக்குள் உட்கார்ந்துவிட்டது. தீபாவளிகளில் பாதி எனக்குத் தனியாகத்தான் விடிந்தது. என் அப்பா போனபோது இவர் கடலுக்கு மேலே எங்கேயோ இருந்தார். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது ரோஸி அக்கா. இனி தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட் சத்தம் கேட்கும் என்றால் வேண்டாம் என்று சொல்வேனா? நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். அவராகவே தோற்றுவிடுவார்.

சும்மா இருந்தேன். ஒரு வாரம் போயிற்று. டியூட்டி இல்லை. ஆனாலும் டியூட்டிக்கு எழுகிற நேரத்தில் எழுந்தார். சவரம் செய்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டார். பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சமையல் முடித்து, துணி உலர்த்தி, கடைக்குப் போய் வந்து பார்த்தபோதும் அதே பக்கம் திறந்திருந்தது. எதிர்வீட்டு கௌடர், "ஏனு சார், ரஜானா?" என்று லீவா எனக் கேட்டதற்கு, "ஹௌது, ஸ்வல்ப ரெஸ்டு" என்று, ஆமாம், கொஞ்சம் ஓய்வு எனச் சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். பகல் முழுக்கக் கதவு சாத்தியே கிடந்தது.

நான் ஆசைப்பட்ட மனிதர் ஆறு மணிக்கு வரப்போவதில்லை என்று அப்போது புரிந்தது. இந்தச் சட்டைதான் வரும். எனக்கு அழுகையாகவும் வந்தது, கோபமாகவும் வந்தது. கோபம்தான் முந்தியது.

"எழுந்திருங்க. ரெண்டு நாற்காலிய எடுத்து ஜன்னல் பக்கமா போடுங்க."

"எதுக்கு?"

"ஏரோப்ளேன் ஓட்டறதுக்கு."

வாளித் தண்ணீர்

எங்கள் பாங்க் கிளையில் கம்ப்யூட்டர் வந்தபோது நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். மவுஸைத் தொடவே கை கூசியது. கையைப் பழக்காமல் மூளையைத் திட்டிப் பிரயோஜனமில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர் கை கீழே போகிற பழக்கமும் அப்படித்தான் ஊறியிருந்தது.

இடது நாற்காலியில் அவர். ஜன்னல் கம்பியில் டேப்லெட்டை நாடாவால் கட்டினேன். பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியும் போட்டேன்.

"இது எதுக்குடி?" ஆச்சரியப்பட்டால்தான் அவருக்கு 'டி' வரும்.

"ஓட்டுங்க, தெரியும்."

வலது நாற்காலியில் நான். சமையல் குறிப்பு படிக்கிற மாதிரி படித்தேன். "மழை. இங்க எறங்க முடியாது. ஹைதராபாத் போங்க."

கை கீழே போயிற்று. ஐஸ் தண்ணீரில் முழங்கை வரை நனைந்தது. "ஐயோ" என்று கையை உதறினார், டேப்லெட் மேலெல்லாம் தெறித்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை. திருச்சி."

மறுபடி வாளி. அடுத்து வாளி. பெல்காம் சொன்னபோது கை பாதி வழியில் நின்றது, தயங்கியது, மேலே வந்தது. விரலால் தட்டினார். வேறு ஊர் திறந்தது. மூடினார். மறுபடி தட்டினார். பெல்காம் வந்தது.

"வந்துடுச்சு" என்றார், யாரோ வீட்டுக்கு வந்ததைச் சொல்வது போல.

தினமும் காலையில் உட்கார்ந்தோம். வாளித் தண்ணீர் கடைசியில் செடிக்குப் போனது. படம் ஓடாமல் பிடிப்பது எப்படி, அடிக்கடி வேண்டிய ஊர்களை முன்கூட்டியே ஒரு பக்கமாக எடுத்து வைப்பது எப்படி என்று நானும் நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். உண்மையாகவே சொல்லிக்கொடுத்தேன். ஓரிரு நாள் நடுவில் நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கடைசி வாரம் நான் ஊர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சார்ட் திறந்திருந்தது. கை வாளியில் நனையாமல் போன முதல் நாளில், ஆறு மணிக்குக் கேட் சத்தம் இனி கேட்காது என்று நினைத்துக்கொண்டே தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.

தேறிவிட்டார். "பாஸ்" என்று ஃபோனில் ஒரே வார்த்தை. வீட்டுக்கு வரும்போது ஒரு கிலோ மைசூர்பாகு. ரோஸி அக்கா வாயில் ஒன்றை அவரே ஊட்டினார். கௌடர் வீட்டுக்கும் போய்க் கொடுத்தார். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதில் கலப்படமில்லை.

அதுவே மாத்திக்கும்

டியூட்டி ரோஸ்டர் பழையபடி வந்தது. அவர் போனார், வந்தார். தாள் மாற்ற வேண்டிய வெள்ளிக்கிழமையும் வந்தது. உறை வராது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வீட்டில் இருந்தார். நான் விளக்கேற்றிவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தேன். அவரும் வந்து எதிரில் உட்கார்ந்தார். டேப்லெட்டை நடுவில் வைத்தார்.

திரையில் ஒரு பொத்தான். அழுத்தினார். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடியது. இருவரும் குனிந்து அதையே பார்த்தோம். நான் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது.

"ஆயிடுச்சு" என்றார்.

"எந்தெந்த ஊருங்க மாறுச்சு?"

"தெரியல."

"பாக்கலாமே."

"பாக்க வேண்டியதில்லம்மா. அதுவே எடுத்துக்கும், அதுவே வெச்சுக்கும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கொச்சிக்குள் கோயம்புத்தூர் போகாது. தூக்கக் கலக்கத்தில் யாரும் தவறு செய்ய முடியாது. விமானத்தில் ஏறுகிற நீங்களும் நானும் சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

காபி கலந்து கொண்டுவந்தேன். குடித்தார். ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சொல்லி ஆரம்பித்து வைக்கலாம் என்று பார்த்தேன்.

"காத்மண்டு போனீங்களே, எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சு" என்றார்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, டேப்லெட்டை சார்ஜில் போட்டுவிட்டு, படுக்கப் போனார். நான் மேஜையிலேயே இருந்தேன். அவர் ஊரில் இல்லாத நாட்களில் எத்தனையோ முறை அந்த மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அவர் வரட்டும் என்று காத்திருக்க முடிந்தது. அன்று அவர் அடுத்த அறையில்தான் இருந்தார்.